பாவடியும் பாலிசியும்

ஆரணியில் இன்சூரன்ஸ் விற்பது கஷ்டம் என்பார்கள். விற்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. அதற்கு முன்னால் இந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறதே, அதுதான் கஷ்டம். பதினோரு வருஷமாகப் பேசுகிறேன். சுவரோடு பேசியிருந்தால் சுவராவது சும்மா இருந்திருக்கும். இவர்கள் பதில் வேறு சொல்வார்கள்.

வண்டிக்கு மட்டும் வந்து எடுப்பார்கள். கண்ணமங்கலம் ரோட்டில் போலீஸ் மடக்குவார்கள் என்ற ஒரே பயம். அந்த வண்டியைக் கொண்டுபோய் விற்றால் இருபதாயிரம் தேறாது. வீட்டுக்குள் ஒரு தறி நிற்கும், அதன்மேல் பட்டும் ஜரிகையும் ஏறியிருக்கும், அதுதான் அந்தக் குடும்பத்தின் சோறு. அதற்கு ஒரு பாலிசி எடுங்கள் என்றால், "தறிய எவன் சார் மடக்கப் போறான்?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

என் பெயர் சதீஷ். நானும் நெசவுக் குடும்பம்தான். எங்கள் தறிகள் தரையில் குழி தோண்டிப் போட்டவை. நெய்பவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, கீழே இருக்கும் மிதிகட்டையை மிதித்து மிதித்து நெய்ய வேண்டும். என் அப்பா நாற்பது வருஷம் அந்தக் குழியில் உட்கார்ந்தார். அக்கா கன்னியம்மாள் இன்றும் உட்கார்ந்திருக்கிறாள். நான் மட்டும் பி.காம். படித்து, பஸ் ஸ்டாண்டு எதிரில் மாடியில் ஒரு ரூம் பிடித்து, போர்டு மாட்டிக்கொண்டேன். குழியை விட்டு ஏறி வந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

எல்லாரையும்விட எனக்கு எரிச்சல் மூட்டியவர் சின்னதுரை. பட்டுக்கடை முதலாளி. ஐம்பது அறுபது வீடுகளில் இவருடைய பட்டு தறியில் ஏறியிருக்கும். கடையோ மேட்டுத் தெருவில். அந்த மேட்டில் வெள்ளம் ஏறினால் ஆரணியே மிச்சமிருக்காது. அந்தக் கடைக்குத் தீ, திருட்டு என்று எல்லாவற்றுக்கும் பாலிசி வைத்திருக்கிறார். தாழ்வான தெருக்களில் தறிகளில் கிடக்கும் சரக்குக்கு ஒன்றும் கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஆற்றில் தண்ணீர் வந்து பாலத்தைத் தொட்டுவிட்டுப் போனதே, அதையாவது யோசியுங்கள் என்றேன்.

"அது நூறு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற வெள்ளம்னு பேப்பர்லயே போட்டுட்டாம்பா" என்றார். "அதான் வந்துட்டுப் போயிடுச்சே. இன்னும் தொண்ணூத்தாறு வருஷம் நமக்கு ஃப்ரீ."

இந்த மாதிரி ஆளிடம் என்ன பேசுவது? ஆனாலும் பொறுமையாகச் சொன்னேன். ஒரு பையில் நூறு நூல்கண்டு இருக்கிறது, அதில் ஒன்று சிவப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கண்டை எடுக்கிறோம், பார்த்துவிட்டுத் திரும்ப அதே பையில் போட்டுவிடுகிறோம். போன வருஷம் சிவப்பு வந்தது என்பதால் இந்த வருஷம் வராது என்று அர்த்தமில்லை. அந்தச் சிவப்புக் கண்டு பைக்குள்ளேயேதான் இருக்கிறது. நூறு வருஷ வெள்ளம் என்றால் இதுதான்.

சின்னதுரை காதைக் குடைந்துகொண்டே கேட்டார். பிறகு, "அந்தப் பைய யாருப்பா வெச்சிகினு கீறான்?" என்றார். கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நான் ஃபைலை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

என் பேச்சைக் கேட்டு வெள்ளத்துக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்த ஒரே நெசவுக் குடும்பம் அக்காவுடையது. அவளும் மாமா வேலுவும் பாவடித் தெருவில் இருக்கிறார்கள். இரண்டு தறி. பாவடி என்றால் பாவு போடும் வெளி. நெசவுக்கான நீள நூலைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் திறந்த வெளியில் முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பார்த்து, அறுந்ததை முடிந்து, சிக்கெடுத்துச் சரிசெய்வார்கள். அக்கா வீட்டுப் பின்கதவைத் திறந்தால் அதுதான் தெரியும். முளைக்கம்புகள், ஒரு வேப்பமரம், சின்னதாக ஒரு பிள்ளையார், முனிசிபாலிட்டி போட்ட விளக்குக் கம்பம். காலையில் போனால் நாலைந்து பாவு பளபளவென்று நீண்டு கிடக்கும். நான் நடை பழகியதே அங்கேதான்.

போன மார்ச்சில் ஒருநாள் மத்தியானம் போனேன். மார்ச் முடிவதற்குள் இன்னும் ஒரு பாலிசி பிடித்தாக வேண்டும். அக்கா தறியில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், கை நிற்கவில்லை.

"இன்னாடா, மூஞ்சிய தொங்கப் போட்டுகினு வந்து நிக்கற?"

"மார்ச் மாசம்க்கா. ஒரே பேஜாரு."

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினேன். நூறு கண்டு, சிவப்புக் கண்டு, தறி, சுவர், சரக்கு, எதற்கெல்லாம் பணம் வரும், எதற்கு வராது. அரைமணி நேரம் ஆகியிருக்கும். நடுவில் அவள் இரண்டு தடவை அறுந்த இழையை முடிந்தாள். மாமா டீ வாங்கிவரப் போனார். நான் முடித்ததும் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எவ்ளோ?"

சொன்னேன். எழுந்துபோய் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்து கொடுத்தாள். "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஊரில் ஒருத்தருக்காவது விஷயம் புரிந்ததே என்று நினைத்தேன்.

படிவத்தை அங்கேயே நிரப்பினேன். அவள் திரும்பத் தறிக்குப் போய்விட்டாள். கட்டடத்தின் பின்பக்கம் என்ன என்று ஒரு கேள்வி. திறந்திருந்த பின்கதவு வழியாகப் பார்த்தேன். ஊதா நிறத்தில் ஒரு பாவு நீட்டிக் கட்டியிருந்தார்கள். காலி நிலம் என்று எழுதினேன். இருநூறு மீட்டருக்குள் ஆறு, ஏரி, கால்வாய் உண்டா என்று அடுத்த கேள்வி. இல்லை என்று டிக் அடித்தேன். இதற்கெல்லாம் யாரைக் கேட்க வேண்டும்? நான் பிறந்து வளர்ந்த இடம்.

டிசம்பரில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மலைப்பக்கம் அணையில் ஷட்டரைத் திறக்கிறார்கள், கரையோரம் இருப்பவர்கள் வெளியேறுங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். பாவடித் தெருவில் ஒருத்தரும் அசையவில்லை. கரையோரம் இருப்பவர்களுக்குத்தானே சொல்கிறான் என்று இருந்துவிட்டார்கள். நானும் என் ரூமில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, இந்த ஜனங்களுக்கு எத்தனை மைக் கட்டினாலும் ஏறாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு ஒரு போன் போட்டு வெளியே வா என்று சொல்லத் தோன்றவில்லை.

காலை பத்து மணிக்கு மாமா தறியில் இருந்திருக்கிறார். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, பின்கதவு வழியாகவும் வரவில்லை. குழிக்குள் இருந்த அவர் கால்தான் முதலில் நனைந்திருக்கிறது. குனிந்து பார்த்தால் குழியின் அடியிலிருந்து ஊறிக்கொண்டு வருகிறது. அவர் கத்தி, அக்கா ஓடி வந்து, நெய்து முடித்து வைத்திருந்த ஒரு புடவையையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பள்ளிக்கூட மாடிக்கு ஓடியிருக்கிறார்கள். அரைமணி நேரத்தில் பின்சுவர் விழுந்துவிட்டது. தறியில் ஏறியிருந்த இரண்டு பாவும் தண்ணீருக்குள்.

வெள்ளம் வந்த மூன்றாம் நாள் போனேன். தெருவெல்லாம் முழங்கால் சேறு. அக்கா வீட்டில் அரக்குச் சாயம் ஒழுகி வெண்பட்டெல்லாம் கறையாகிக் கிடந்தது. தறிமரம் ஊறிப் பிளந்திருந்தது. சின்னதுரை பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றிருந்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "ஜரிகைய தனியா எடுத்து வெச்சியாமா?" உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்க இரண்டு வார்த்தை அதிகமாகச் செலவாகியிருக்கும் போலிருக்கிறது.

"கவலப்படாத மாமா" என்று நான் சத்தமாகச் சொன்னேன். வேலு மாமாவைப் பார்த்துத்தான் சொன்னேன், சின்னதுரை காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னேன். "நமக்கு பாலிசி கீது. சுவரு, தறி, சரக்கு, அல்லாத்துக்கும் வரும். இந்தத் தெருவுலயே நமக்கு மட்டுந்தான் வரும்."

தெருவே திரும்பிப் பார்த்தது. அதுவும் எனக்கு வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை சேற்றுக் கையோடு வந்தாள். அவளுக்கும் இரண்டு தறி போயிருந்தது.

"எங்களுக்கும் எதனா எழுதித் தர முடியுமா தம்பி?"

"போன வருஷம் ஒங்க வூட்டுக்கு மூணு தபா வந்தேன். சீரியல் பாத்துகினு இருந்தீங்க" என்றேன். "இப்ப வந்து கேட்டா? தண்ணி வந்தப்புறம் எழுதறதுக்குப் பேரு பாலிசி இல்ல."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கண்டுகொள்ளவில்லை. உண்மையைத்தானே சொன்னேன் என்று இருந்தேன். சொல்லப்போனால் அன்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. அதை இப்போது எழுதவே கூசுகிறது.

நாலு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து சர்வேயர் வந்தார். நஷ்டத்தை நேரில் பார்த்து அறிக்கை எழுத வேண்டியவர். நான் ஒரு பெரிய ஆபீசரை எதிர்பார்த்தேன். வேலூரிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கினாள். இருபத்தாறு வயது இருக்கலாம். ரப்பர் பூட்ஸ், முதுகில் பை. மஹிமா என்று பெயர் சொன்னாள். சொந்த ஊர் வெம்பாக்கம் பக்கம், வீட்டில் விவசாயம் என்றாள். இந்தப் பொடிப்பெண்ணுக்கு நான் தறியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் டேப் வைத்துச் சுவரில் சேற்றுக்கோட்டை அளந்தாள். போட்டோ எடுத்தாள். நனைந்த பட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு மாமாவிடம் கேட்டாள்.

"தண்ணி மொதல்ல எங்கங்க தெரிஞ்சுது?"

"குழியிலம்மா. கால்ல சில்லுனு பட்டுச்சி."

அவள் தலையாட்டிவிட்டுக் குழிக்குள் இறங்கி, அடியில் ஒரு பிடி அள்ளினாள். மேலே அப்பியிருந்த வண்டலுக்குக் கீழே மணல் வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தாள். விழுந்த பின்சுவரைத் தாண்டிப் பாவடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். முளைக்கம்பு ஒன்றும் இல்லை, பிள்ளையார் சாய்ந்து கிடந்தார். பாவடி முழுக்க மணல் புதிதாக ஏறியிருந்தது. அவள் பையிலிருந்து என் படிவத்தின் நகலை எடுத்தாள்.

"ஆறு இருநூறு மீட்டருக்குள்ள இல்லன்னு போட்டிருக்குங்க சார்."

"ஆமா மேடம். ஆறு அதோ, அந்தக் கோடியில கீது பாருங்க. நாணல் தெரியுதே, அது. முந்நூறு மீட்டருக்கு மேல வரும்."

"அப்ப இது?"

"இது பாவடிங்க."

"பாவடி சரிங்க சார். பாவடி எதுல இருக்குது?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. பாவடி பாவடியில்தான் இருக்கிறது. அவள் போனில் ஒரு வரைபடத்தைத் திறந்து என் பக்கம் நீட்டினாள். வருவாய்த்துறை வரைபடம். ஆறு என்று போட்ட நிலம் அகலமாக வளைந்து வந்தது. அதன் இந்தப் பக்கத்துக் கோடு அக்காவின் பின்சுவரை ஒட்டிப் போனது.

"நீங்க காட்டறது ஆத்துல தண்ணி ஓடற ஒரு ஓரம். ஆறு இங்க ஆரம்பிக்குது" என்று தன் பூட்ஸுக்குக் கீழே காட்டினாள். "நாம நின்னுகினு இருக்கறது ஆத்துக்குள்ள."

நான் திரும்பிப் பார்த்தேன். மணல். அந்தக் கோடி வரைக்கும் ஒரே மணல், நடுவில் ஒரு வரப்புகூட இல்லை. எத்தனையோ காலை அந்த மணல்மேல் நின்று பாவின் முனையைப் பிடித்திருக்கிறேன். சின்ன வயதில் தோண்டினால் இரண்டு சாணில் தண்ணீர் வரும். அதில் கை நனைத்து விளையாடியிருக்கிறோம். தண்ணீர் அந்த ஓரத்தில் ஒதுங்கியதும் எங்கள் ஆட்கள் இந்த ஓரத்தில் முளைக்கம்பு அடித்தார்கள். கம்பு அடித்தபின் அது ஆறு இல்லை, பாவடி. மைக் கட்டிச் சொன்னபோது தெருக்காரர்கள் ஏன் அசையவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. சின்னதுரையையும் பாஞ்சாலையையும் மடையர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அவர்களாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டு இந்த மடத்தனத்தைக் கம்பெனிக்கு அனுப்பவில்லை. ஊருக்கே நூல்கண்டு கதை சொன்ன நான்தான் ஆற்றைப் பார்த்துக்கொண்டே ஆறு இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்குள் திரும்பி வந்தோம். மஹிமா நின்றுகொண்டே, யாரையும் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்.

"இத நான் எழுதித்தான் ஆகணும். இங்க ஒரு விஷயம் தெரியணுங்க. இந்தப் பதில யார் சொன்னது? வீட்டுக்காரங்க சொல்லி எழுதினதுன்னா தப்பான தகவல் குடுத்ததா ஆயிடும், க்ளைம் நிக்காது. ஏஜென்ட் கேக்காமலே தானா எழுதியிருந்தா கம்பெனி விசாரிக்கும். க்ளைமுக்கு வழி இருக்குது. ஆனா..." என்று என்னைப் பார்த்தாள். "ஏஜென்டோட லைசென்ஸு போயிடலாம்."

மாமா என்னைப் பார்த்தார். மார்ச்சில் அன்று அவர் டீ வாங்கிக்கொண்டு திரும்பும்போது நான் எழுதி முடித்திருந்தேன். அக்கா தறியில் இருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். ஒரே வாக்கியம்தான். நான் கேட்கவில்லை, நானே எழுதினேன். வாயைத் திறந்தால் சுவர் எழும்பும், தறி வரும். பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் போர்டு இறங்கும். தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை.

"நான்தாம்மா" என்றாள் அக்கா.

தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கையில் ஒரு அலுமினியச் சட்டி வைத்துச் சேற்றை வாரிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பின்னால ஆறு எதனா கீதாக்கான்னு கேட்டான். ஆறு இல்ல, பாவடிதான், அப்படியே எழுதுடான்னு நான்தான் சொன்னேன்."

"ஏ, இன்னா பேசற நீ?" என்றார் மாமா.

"நீ சும்மா இரு."

மஹிமா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, நீங்க இப்படிச் சொன்னா ஒரு ரூபா வராதுங்க. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான்."

மஹிமா என் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கிறாள் என்பதும் எனக்குத் தெரிந்தது.

"அப்படியா சார்?"

"ஆமாங்க" என்றேன். "அவங்க சொன்னதத்தான் எழுதினேன்."

அவள் அதை எழுதிக்கொண்டாள். அக்காவிடம் கையெழுத்து வாங்கினாள். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். என்னைக் கடக்கும்போது அவர் காறித் துப்பியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதைக்கூட அவர் செய்யவில்லை.

அக்கா வாரிக்கொண்டே இருந்தாள். சட்டி உரசும் சத்தம் மட்டும்தான். எனக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"ஏன்க்கா?" என்றேன்.

"இன்னா ஏன்?"

"அவ்ளோ சொல்லித்தானே ஒன்னைய எடுக்க வெச்சேன். வெள்ளம் வந்தா வரும்னு நம்பித்தானே எடுத்த. வர்ற நேரத்துல..."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். கோபமே இல்லை முகத்தில். விளையாடப் போய்க் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்த பையனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"நீ சொன்னத யாருடா கேட்டா? கண்டு, பையின்னு இன்னாமோ பேசிகினு இருந்தே. மார்ச் மாசம், ஒரு ஆளு கம்மியா கீதுன்னு அழுவாத கொறையா வந்து நின்னே. பாவமா இருந்துச்சி, குடுத்தேன். வெள்ளத்துக்கா எடுத்தேன்? ஒனக்காவத்தான் எடுத்தேன்."

சட்டியைத் தட்டிச் சேற்றைக் கொட்டினாள்.

"எனக்கு இன்னா? கொழிய வாரி, ரெண்டு கட்டைய மாத்தினா தை பொறக்கறதுக்குள்ள தறி ஓடும். இந்த லைசென்ஸும் போச்சின்னா நீ இன்னா பண்ணுவ? ஒரு மொழம் நெய்வியா? எட்டு மாசம் ஒன்னைய தறியில குந்த வெச்சிப் பாத்தாரு அப்பா. நீ அறுத்த இழைய நானு முடிஞ்சி முடிஞ்சி கை புண்ணாச்சி. இவனுக்குக் கை வராது, காலேஜுக்காவது அனுப்பலாம்னு சொல்லித்தான் ஒன்னைய படிக்கவே வெச்சாரு."

அதை இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நான் குழியிலிருந்து ஏறி வரவில்லை. இவன் உதவமாட்டான் என்று அவர்கள்தான் தூக்கி வெளியே வைத்திருக்கிறார்கள்.

"நானும் வாரட்டுமாக்கா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"வேணாம். கொழியோட அடிமட்டம் கெட்டுப்பூடும்" என்றாள். "அப்படித் தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்கற."

தள்ளி நின்றேன்.